எத்தனை விரல்

துணி கம்பெனியின் வெட்டுப் பிரிவில் அவளை எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையும் அப்படி, வாயும் அப்படி. பதினாலு வருஷமாக ஒரே மேசை. அறுபது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே போட்ட கோட்டில் மெஷினை ஓட்டினாளானால் அடியில் கிடக்கிற கடைசி அடுக்கிலும் ஒரு நூல் பிசகாது. அவளைப் பிடிக்காதவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்கள்கூட அந்தக் கையைக் குறை சொன்னதில்லை, வாயைத்தான் சொல்வார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கட்டிங் மாஸ்டர் அந்த மாசக் கடைசியோடு வேலையிலிருந்து நிற்கப் போகிறார். அவர் உட்காருகிற உயரமான முக்காலியில் தான் உட்கார வேண்டும். மாஸ்டர் என்றால் சும்மா இல்லை. கை எங்கே வரணும், காலர் எங்கே வரணும், எந்தத் துண்டை எப்படித் திருப்பிப் போட்டால் துணி மிச்சமாகும் என்று தலைக்குள்ளேயே பார்த்து சாக்பீஸால் கோடு போடுகிறவர். அந்தக் கோட்டைத் தாண்டி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. அந்த முக்காலியில் இதுவரைக்கும் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அவர் வராத நாளில் கோடு போடுகிறவள் இவள்தான், வரிசைப்படி பார்த்தாலும் இப்போது இவள் முறை.

போட்டிக்கு ஒருத்தன் இருந்தான். மேனேஜரின் மனைவிக்குத் தம்பி. மேனேஜர் மச்சான் என்று கூப்பிடப் போக, கம்பெனி மொத்தமும் அவனை மச்சான் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மச்சானின் திறமைக்கு ஒரு சாட்சி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருநூறு சட்டைக்குக் கோடு போட்டு வெட்டிக் கொடுத்தான். தைக்க எடுத்தபோதுதான் தெரிந்தது, இருநூறு சட்டைக்கும் இரண்டு கையும் இடது கை. அப்பேர்ப்பட்டவன் தனக்குப் போட்டி என்பதே கத்திரிக்கு அவமானமாக இருந்தது.

ஆனால் அவளுடைய நிஜமான எதிரி மச்சான் இல்லை. அவள் வயிறு.

மகளுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. அது ஓடுகிறது, குதிக்கிறது, அம்மாவைப் போலவே வாயாடுகிறது. வயிறு மட்டும் பிள்ளை இன்னும் உள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு அப்படியே நின்றது. காலையில் எழுந்திருக்கும்போது பரவாயில்லை. சாயங்காலம் ஆக ஆக முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு என்ன போச்சு? குழந்தைகள் காப்பகத்து ஆயா, கம்பெனி வாசல் காவல்காரர், மருந்துக் கடைக்காரன் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "எத்தனை மாசம்?" ஒருத்தியின் வயிற்றைப் பார்த்துக் கணக்குக் கேட்பது அப்படி என்ன வியாதியோ, அதற்கு ஒரு ஆஸ்பத்திரியும் வைத்தியம் பார்ப்பதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாள். காவல்காரரிடம், "உங்களுக்கு மீசை முளைச்சு எத்தனை மாசம்னு நான் கேட்டேனா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் இவளைக் கண்டால் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்த இடத்தில் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

கணவனின் அக்கா. அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறாள், அதே கம்பெனியின் ஆபீஸில் லீவுப் புத்தகம் எழுதுகிறாள். யார் எப்போது வரவில்லை, யார் பிரசவத்துக்குப் போகிறாள் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கும். கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே அவளை மெஷினிலிருந்து எடுத்து, பிசிறு மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். தைத்த சட்டையில் தொங்குகிற நூலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கேட்டால் உன் நல்லதுக்குத்தான் என்பார்கள். பிசிறு மேசைக்குப் போனவள் திரும்பத் தன் பழைய மேசைக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அதனால் கத்திரி மகளைச் சுமந்தபோது ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. மேலங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் வாயு என்றாள். ஏழாவது மாசம் வரைக்கும் வாயு. நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். தம்பி பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க வேண்டாமே என்று அவளும் காதும் காதும் வைத்தமாதிரி இருந்துவிட்டாள். ஏழாவது மாசத்தில் கத்திரி மேசையடியில் தலைசுற்றி உட்கார, குட்டு வெளிப்பட்டது. அங்கிருந்து நேராக லீவில் போய்விட்டதால் அவள் பிசிறு மேசைக்குத் தப்பித்தாள். மேனேஜர் ஆபீஸ் மொத்தமும் கேட்கிற மாதிரி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார். "உன் வீட்டுக்குள்ள இருக்கிற வயித்தையே உனக்கு எழுதத் தெரியல. நீ எதுக்கு இந்தப் புத்தகத்தை வச்சிருக்கே?" அந்த வார்த்தையை நாத்தனார் மறக்கவே இல்லை. அதைச் சொன்ன மேனேஜர் மேல் கோபப்பட முடியாது, அதனால் கோபம் கத்திரி மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது வெடித்தது மகளுக்கு இரண்டு வயது ஆன அன்றைக்கு. உறவுக்காரர்கள் பத்துப் பேர் கூடத்தில் இருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நாத்தனார் சொன்னாள். "ரெண்டு வருஷமாச்சு, இன்னும் வயித்தை இறக்கி வைக்க மனசு வரலையா உனக்கு? தினம் நூறு சிட்-அப் எடு. என்னைப் பாரு, ரெண்டு பெத்தும் பலகை மாதிரி வச்சிருக்கேன்."

"வயித்துல மட்டும் வச்சிருந்தா பரவாயில்ல அண்ணி" என்றாள் கத்திரி. "தலைக்குள்ளயும் பலகையைத்தானே வச்சிருக்கீங்க."

அவ்வளவுதான். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. மாடிக்கும் கீழுக்கும் நடுவில் கணவன் மாட்டிக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்டோடு மேலே போய்க் கீழே வந்துவிட்டு, வீட்டிலும் அதே வேலை. "தண்ணி மோட்டாரைப் போடச் சொல்லுடா உன் பெண்டாட்டிய." "மோட்டார் போட்டு அரை மணி நேரம் ஆச்சுன்னு சொல்லுங்க உங்க அக்காகிட்ட." பாவம், அவன் ஒரு நாளும் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. அதனால் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நடந்தது இதுதான். நாத்தனாரோடு பேச்சை நிறுத்தின மறுநாள் காலையிலிருந்து கத்திரி சிட்-அப் எடுக்க ஆரம்பித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தினம் நூறு. பலகை வயிற்றோடு ஒருநாள் அவள் எதிரில் போய் நிற்கவேண்டும் என்கிற வீம்பு. நாலு மாசம் விடாமல் எடுத்தாள். வயிறு இறங்கவில்லை. அதற்குப் பதில் ஒருநாள் எழுந்திருக்கும்போது தற்செயலாகக் கீழே குனிந்து பார்த்தாள். விலா எலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவில், வயிற்றின் நட்டநடுவே, கூரை முகடு மாதிரி ஒன்று எழும்பி நின்றது. படுத்தால் அமுங்கியது. தலையைத் தூக்கினால் மறுபடி எழும்பியது. இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது, தும்மினால் உள்பாவாடை நனைந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? வாயைத் திறந்தால் ஊரையே விழுங்குகிறவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பொது டாக்டர் பார்த்துவிட்டு, பின் கட்டடத்தில் பிசியோதெரபி செய்கிற அம்மாவிடம் அனுப்பினார். இரண்டு கட்டில், ஒரு கிழிந்த திரை, சுவரில் தோலுரித்த மனிதன் படம். அந்த டாக்டரம்மா சிரிக்கத் தெரியாதவர். வந்தவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"படுங்க. முட்டியை மடக்குங்க. தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்க. போதும், போதும், எதுக்கு இவ்வளவு தூக்கறீங்க?" தொப்புளுக்கு மேலே விரல்களை ஒட்டவைத்துக் குறுக்கே அழுத்தினார். விரல்கள் உள்ளே இறங்கின. கத்திரிக்கே தெரிந்தது, அங்கே தடுப்பு எதுவும் இல்லை. "நாலு விரல். சிட்-அப் எடுத்தீங்களா?"

"நாலு மாசம் எடுத்தேன்."

"யார் எடுக்கச் சொன்னா?"

கத்திரி சுவரில் இருந்த தோலுரித்த மனிதனைப் பார்த்தாள்.

"வயித்துல மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு பட்டைத் தசை, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல ஒரு சவ்வு ரெண்டையும் இணைக்குது. பிள்ளை வளரும்போது அந்தச் சவ்வு அகலும். பெத்த பிறகு பலருக்கு அதுவாச் சுருங்கும், சிலருக்குச் சுருங்காது. சுருங்காத இடத்துல மூச்சை அடக்கிக்கிட்டு நூறு தடவை உள்ளேருந்து இடிச்சிருக்கீங்க. நல்ல காரியம்."

"தையல் போட்டுடலாமா டாக்டரம்மா?" அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"கிழிஞ்சிருந்தாத்தானே தைக்கணும். கிழியல. தளர்ந்து போயிருக்கு. குடல் இறக்கமும் இல்ல. பயிற்சிக்கு அடங்காதவங்களுக்குத்தான் ஆபரேஷன், அதை இப்ப பேச வேண்டாம்."

கிழியவில்லை, தளர்ந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் கத்திரிக்கு விஷயம் பிடிபட்டது. துணியைக் கிராஸாக, மூலைவாட்டில், வெட்டினால் கழுத்துப் பட்டி இப்படித்தான் இழுபட்டுப் போகும். தெரியாதவள் அதை இன்னும் இழுத்துத் தைத்து நாசமாக்குவாள். தெரிந்தவள் மேசையில் படுக்கப் போட்டு, ஆவி காட்டி, விரலால் ஒட்டி ஒட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவாள். அவசரப்பட்டால் நடக்காது. பதினாலு வருஷமாக மற்றவர்களுக்கு இதைச் சொல்லித் திட்டுகிறவள், தன் வயிற்றுக்கு அதையே செய்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

டாக்டரம்மா கொடுத்த பயிற்சியைப் பார்த்தால் பயிற்சி மாதிரியே தெரியாது. மல்லாக்கப் படுத்து, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே அடிவயிற்றை உள்ளே வாங்க வேண்டும், மூத்திரத்தை அடக்குகிற மாதிரி கீழேயும் சேர்த்து. பிறகு ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்க வேண்டும், அடுத்து மற்றது. கட்டிலிலிருந்து நேராக எழுந்திருக்கக் கூடாது, ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். எதையாவது தூக்கினால் மூச்சை விட்டுக்கொண்டு தூக்க வேண்டும். கனமானது எதையும் தூக்கவே கூடாது. "பெல்ட் கட்டிக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "வேலை நேரத்துல இடுப்புக்கு ஆதரவாக் கொஞ்ச நேரம் கட்டுங்க. பெல்ட் தசையை வளர்க்காது" என்று முடித்துவிட்டார். கத்திரி கணவனிடம் மட்டும் சொன்னாள். "இதுல ஒரு வார்த்தை மாடிக்குப் போச்சு, உங்களை அந்த லிஃப்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிடுவேன்." அவனும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சேதி கொண்டுபோகாமல் இருந்தது அப்போதுதான். அதுவே வினையாகிப் போனது.

ஆறு வாரம் கழித்து டாக்டரம்மா மறுபடி அழுத்திப் பார்த்தார். "மூணு. அகலத்தை விடுங்க, அடியில இப்ப விரலுக்குத் தடுப்பு இருக்கு. அதுதான் முக்கியம். தொடர்ந்து செய்யுங்க." அந்த வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விஷயம். கத்திரி சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. நாள் முழுக்க மேசையில் நின்ற இடுப்பு, அதற்குமேல் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி நேரம் நின்ற இடுப்பு. ஒரு நடுத்தர வயது அம்மாள் அவள் வயிற்றைப் பார்த்தாள், உடனே எழுந்துவிட்டாள். "உக்காரும்மா. எத்தனை மாசம்?"

வேறொரு நாளாக இருந்தால் அந்த அம்மாள் என்ன பாடு பட்டிருப்பாளோ. ஆனால் அவள் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டாள், சுற்றிலும் எல்லாரும் பார்க்கிறார்கள், இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது. இந்தக் கேள்விக்குச் சண்டை போட்டுச் சண்டை போட்டு அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. "ஆறு" என்றாள் கத்திரி. உட்கார்ந்தாள். அப்படி ஒரு சுகம் அவள் இரண்டரை வருஷத்தில் கண்டதில்லை.

அதே பஸ்ஸின் பின்வாசல் பக்கம் நாத்தனார் நின்றிருந்தாள். ஒரே வீடு, ஒரே வழி, அன்றைக்கு ஆபீஸில் வேலை முடிய நேரமாகிவிட்டது. பேச்சில்லாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். காதைத் திருப்ப முடியுமா? ஆறு என்பது சுத்தமாக விழுந்தது. பேசிக்கொள்கிறவர்களாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும், "என்னடி இது?" என்று ஒரு கேள்வியில் முடிந்திருக்கும். அரை வருஷத்துக்கு மேல் பேசாதவள் எப்படிக் கேட்பாள்? தம்பியைக் கேட்கலாம். இந்தச் சேதியை என்னிடம் மறைத்தானே என்று அவன் மேலும் கோபம். போன தடவை சும்மா இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று மறுநாள் காலை லீவுப் புத்தகத்தைத் திறந்தாள். இன்னும் மூணு மாசத்தில் பிரசவ லீவு என்று கத்திரியின் பெயருக்கு நேரே பென்சிலால் எழுதிவிட்டாள்.

அந்த வாரமே மாஸ்டருக்குப் பக்கத்தில் மச்சான் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து சாக்பீஸைப் பிடித்துப் பழக ஆரம்பித்தான். கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், அடுத்த மாஸ்டர் யாரு?"

"ஏம்மா, இந்த ஆர்டர் முடிஞ்சதும் உனக்குப் பிசிறு மேசை, அப்புறம் நீயே லீவுல போயிடுவே. மேசையை யார் பாக்கிறது?"

"எங்க போறேன்?"

"எல்லாம் எழுதியாச்சு" என்றார் அவர். "இந்தத் தடவை வாயுன்னு மட்டும் சொல்லாதே."

அவள் சத்தியம் செய்தாள். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? சாயங்காலம் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். கடிதம் என்றதும் முகம் இன்னும் இறுகியது. "நான் எதுக்கு உங்க கம்பெனிக்கெல்லாம் எழுதணும்?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து எழுதினார். "இவர் கர்ப்பமாக இல்லை. பிரசவத்துக்குப் பின் ஏற்பட்ட வயிற்றுத் தசை விலகல். தவறான சிட்-அப் பயிற்சியால் அதிகமானது. நான்கு விரல் இடைவெளி இருந்தது, சிகிச்சையில் குறைந்து வருகிறது. கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது."

"கடைசி வரியை எடுத்துடுங்க டாக்டரம்மா."

"எடுக்க மாட்டேன். அதுதான் முக்கியமான வரி."

"அதைப் பாத்தா வேலை போயிடும்."

"எடுத்தா வயிறு போயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலை, மேசையருகே நின்றுகொண்டு கத்திரி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையில் கத்திரிக்கோல் இருந்தது. ஒரே ஒரு வெட்டு, கோடு போட்ட மாதிரி போய்விடும். அவள் கைக்கு அது ஒரு வேலையா? ஆனால் டாக்டரம்மாவின் கையெழுத்து அந்த வரிக்குக் கீழே இருந்தது. மகா ஜாக்கிரதையான பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே காகிதத்தை மடித்தாள்.

மேனேஜரின் கண்ணாடி அறையில் நாலு பேர். மேனேஜர், முக்காலியைவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்திருந்த மாஸ்டர், லீவுப் புத்தகத்தோடு நாத்தனார், கத்திரி. கண்ணாடிக்கு வெளியே வெட்டுப் பிரிவு மொத்தமும் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தது.

"புத்தகத்துல யார் சொல்லி எழுதினது?" என்றாள் கத்திரி, மேனேஜரைப் பார்த்து.

நாத்தனாரும் மேனேஜரைப் பார்த்தே பதில் சொன்னாள். "அவளே சொன்னா சார். பஸ்ல. ஆறு மாசம்னு என் காதால கேட்டேன்."

கத்திரியின் முகம் செத்துவிட்டது. "அது சீட்டுக்காகச் சொன்னது சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "வயித்துல பிள்ளை இருந்தப்போ இல்லைன்னே. இப்ப இல்லைங்கறே, ஊருக்கு ஆறு மாசம்னு சொல்லியிருக்கே. நான் எந்தக் கத்திரியை நம்பட்டும்?"

அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார், கடைசி வரியில் விரலை வைத்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "சரி, பிள்ளை இல்ல. ஆனா கனம் தூக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. துணி ரோல் ஒவ்வொண்ணும் முப்பது கிலோ. உன்னால ஆகாதும்மா. மச்சான் பாத்துக்கட்டும்." கடிதத்தைப் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி நாத்தனாரிடம் நீட்டினார்.

பிள்ளை இருந்தாலும் போச்சு, இல்லாவிட்டாலும் போச்சு. கத்திரிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எதிரில் மாஸ்டர் நின்றிருந்தார், சட்டைப் பித்தான்களை இழுத்துக்கொண்டு தள்ளி நிற்கிற அந்தப் பெரிய வயிற்றோடு. பதினாலு வருஷமாக அவள் பார்க்கிற வயிறு. யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

"மாஸ்டருக்கு எத்தனை மாசம் சார்?"

கண்ணாடிக்கு வெளியே யாரோ தும்மலை அடக்குகிற மாதிரி சிரிப்பை அடக்கினார்கள். மாஸ்டரின் முகம் சிவந்தது. அவர் அவளை ஒரு முறை முறைத்தார். இதுவரை எத்தனையோ பேரை அந்தப் பார்வையாலேயே பிசிறு மேசைக்கு அனுப்பியவர். பிறகு எல்லாரும் பார்க்கச் சட்டையைத் தூக்கினார். வயிற்றுக்குக் கீழே அகலமான ஒரு பெல்ட், ஓரமெல்லாம் அழுக்கேறி நைந்து போனது.

"பதினோரு வருஷம்" என்றார். "குடல் இறக்கம். தூக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. கேட்டவங்ககிட்ட எல்லாம் வாயுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மேனேஜர் பேனாவை எடுத்தார், வைத்தார்.

"பதினோரு வருஷத்துல நான் ஒரு ரோலைத் தூக்கிப் பாத்திருக்கீங்களா? ஏன்யா தூக்கலன்னு கேட்டீங்களா? மாஸ்டருக்குக் கண்ணு வேணும், கணக்கு வேணும். ரோல் தூக்க ஆள் இருக்கு." அவர் சட்டையை இறக்கிவிட்டார். "எனக்கு இவளைப் பிடிக்காது. வாய் ரொம்ப நீளம். ஆனா இவ கோடு போட்டா துணி மிச்சமாகுது. உங்க மச்சான் போட்டா உலகத்துல எல்லாருக்கும் இடது கை மட்டும்தான் இருக்கும்." சொல்லிவிட்டு யார் பதிலுக்கும் நிற்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

வெளியே இப்போது யாரும் சிரிப்பை அடக்கவில்லை. அத்தனை பேரும் கேட்டாகிவிட்டது, இனிமேல் மச்சானை முக்காலியில் ஏற்றினால் மேனேஜரின் மானம்தான் கப்பலேறும். அவர் கத்திரியைப் பார்க்காமலே, "ஒண்ணாம் தேதியிலேருந்து" என்றார். "வாயைக் குறைச்சுக்க."

"கோடு போடறதுக்கு வாய் தேவையில்ல சார்" என்றாள் அவள். மேனேஜர் எழுந்து போய்விட்டார்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். நாத்தனார் அந்தக் கடிதத்தை இன்னும் கையில் வைத்திருந்தாள். சிட்-அப் என்று எழுதியிருந்த மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டவள் மாதிரி இருந்தது. கத்திரி வாசல் வரைக்கும் போனாள்.

"எடுத்தியா?" முதுகுக்குப் பின்னால் நாத்தனாரின் குரல். அரை வருஷத்துக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்து வந்த முதல் வார்த்தை. "நான் சொன்னேன்னு எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எத்தனை?"

"நீங்கதானே சொன்னீங்க. தினம் நூறு."

நாத்தனாருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. லீவுப் புத்தகத்தைத் திறந்தாள், ரப்பரை எடுத்தாள், கத்திரியின் பெயருக்கு நேரே பென்சில் எழுத்தைத் தேய்த்தாள். தேவைக்கு மேலேயே தேய்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று புத்தகத்தைப் பார்த்தே எரிந்து விழுந்தாள். ரப்பர் தூளை ஊதிவிட்டாள். "இப்ப எத்தனை விரல்?"

இரண்டரை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கத்திரி திரும்பிப் பார்க்காமலே, "மூணு" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே வாசலில் ஏறினார்கள், பேசிக்கொள்ளாமல்தான். கூட்டம் நெருக்கியது. கத்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து அவள் வயிற்றைப் பார்த்தாள். எழுவதா வேண்டாமா என்று பாதி எழுந்து, "எத்தனை மாசம்மா?" என்றாள்.

கத்திரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்துவிட்டாள்.

"மாசமெல்லாம் இல்ல. மூணு விரல்" என்றாள். "எந்திரிங்க. அவ உக்காரட்டும்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எழுந்துவிட்டாள்.